மாத்திரை போட்டேனா? அம்மாவின் கேள்விக்கு ஒரு ஷார்ட்கட்

கோபிச்செட்டிபாளையத்தில் அம்மா தனியாக இருக்கிறார். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரஷர் மாத்திரை, ராத்திரி படுக்கும் முன் கொழுப்புக்கு ஒன்று. நாளைக்கு மூன்றே மாத்திரை. பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் இன்றுவரை மனக்கணக்காகவே சொல்வார், அவரை மறதிக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் எனக்குப் போன் வரும்.

"கண்ணு, மாத்தர போட்டனா போடலையான்னே தெரீல. இப்ப ஒண்ணு போட்டுக்கட்டுமா, வேண்டாமா?"

சென்னையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன தெரியும்? அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொல்வேன். நேற்று எத்தனை இருந்தது என்று இருவருக்குமே தெரியாது. ஒருநாள் சந்தேகத்திலேயே பிரஷர் மாத்திரையை இரண்டாம் முறையும் போட்டுவிட்டு, மதியம் தலைசுற்றிப் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று ராத்திரியே இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன். செய்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று எழுதி வைக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருக்கும் யாருக்காவது பயன்படும்.

அம்மாவிடம் இருப்பது நான் பயன்படுத்திக் கொடுத்த ஐபோன் எக்ஸ்ஆர். 2018 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மாடல். ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் அதில் 18 வரை ஏறும், அதற்கு மேல் ஏறாது. 2025 ஜூன் 9 அன்று ஆப்பிள் தன் டெவலப்பர் மாநாட்டில் ஐஓஎஸ் 26ஐ அறிவித்தபோது பட்டியலில் எக்ஸ்ஆர் இல்லை. ஆனால் இந்த வேலைக்குப் புதிய போன் தேவைப்படவில்லை. தேவையானதெல்லாம் பழைய மாநாடுகளில் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டு, இந்தப் போனுக்குள் சத்தமில்லாமல் ஏற்கெனவே வந்து கிடந்தது.

முதலில் கண்ணில் பட்டது, மருந்துக்கென்றே செய்த வசதி. 2022 ஜூன் 6 அன்று நடந்த மாநாட்டில் ஐஓஎஸ் 16இன் ஹெல்த் ஆப்பில் மெடிகேஷன்ஸ் பகுதியை அறிவித்தார்கள். மாத்திரையின் பெயர், அளவு, நேரம், மாத்திரையின் வடிவமும் நிறமும்கூடப் பதியலாம். வேளை வந்ததும் நோட்டிஃபிகேஷன் வரும், போட்டாயிற்று என்றோ விட்டாயிற்று என்றோ குறிக்கலாம். அடுத்த வருடம் ஐஓஎஸ் 17இல், குறிக்காமல் விட்டால் அரை மணி நேரம் கழித்து மறுபடி நினைவூட்டும் வசதியையும் சேர்த்தார்கள். அக்கறையோடு செய்த வேலை அது. மூன்று மாத்திரையையும் பதிந்து கொடுத்தேன், பத்து நாள் ஓடியது.

பதினோராவது நாள் காலையில் அதே போன். "கண்ணு, இதுல போட்டாச்சுன்னு காட்டுது. ஆனா நான் போட்ட மாதிரி நெனப்பே இல்ல."

பேசிப் பேசித்தான் என்ன நடக்கிறது என்று பிடிபட்டது. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மணி அடிக்கிறது. அது மறுபடி அடிக்காமல் இருக்க, அங்கேயே "போட்டாச்சு" என்று தட்டிவிட்டு எழுகிறார். சமையலறைக்குப் போகும் வழியில் பால்காரர் கூப்பிடுகிறார், செடிக்குத் தண்ணீர் விடும் நினைப்பு வருகிறது. மாத்திரை இருப்பது அலமாரியில், குறிப்பது கையிலிருக்கும் போனில். இரண்டுக்கும் நடுவே இருபது அடி தூரம்.

அம்மாவின் சிக்கல் நினைவூட்டல் அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. மாத்திரை போட வேண்டும் என்பது அவருக்கு மறப்பதே இல்லை. தினமும் ஒரே மாதிரி செய்யும் காரியம் என்பதால் இன்றைக்குச் செய்ததும் நேற்றுச் செய்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று நாம் பாதி வழியில் திரும்பிப் பார்ப்பதும் இப்படித்தான். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது மணி அல்ல, சாட்சி. அந்தச் சாட்சி மாத்திரை டப்பாவிலேயே இருக்க வேண்டும்.

அங்கேதான், போனைப் பக்கத்தில் கொண்டுபோனாலே படிக்கும் என்எஃப்சி ஸ்டிக்கர் நினைவுக்கு வந்தது. ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றே பெரிய, ஒட்டுப் பசையுள்ள வட்டம். உள்ளே செம்புச் சுருள் ஒன்று, மிளகைவிடச் சிறிய சில்லு ஒன்று, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. போன் பக்கத்தில் வரும்போது அது வீசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலத்திலிருந்தே ஸ்டிக்கர் மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. நான் வாங்கியது என்டேக் 213 வகை, பத்து ஸ்டிக்கர் கொண்ட கட்டு. எழுதி வைக்க 144 பைட் இடம் உண்டு, இந்த வேலைக்கு அதில் ஒரு எழுத்துகூட எழுதத் தேவையில்லை. ஐபோன் பார்ப்பது, தயாரிக்கும்போதே ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் கொடுத்திருக்கும் தனி எண்ணை மட்டும். கடையில் வாங்கிய வெற்று ஸ்டிக்கரே போதும்.

இந்த வசதி ஐபோனுக்கு வந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் போனில் இது ஓடும், எதில் ஓடாது என்பது அதில்தான் இருக்கிறது. 2017 மாநாட்டில், ஐஓஎஸ் 11க்காக, ஆப் எழுதுபவர்கள் ஸ்டிக்கரைப் படிக்க முதன்முதலாக அனுமதித்தார்கள். ஆனால் அதற்கென்று ஒரு ஆப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எதையும் திறக்காமல், சும்மா காட்டினாலே படிப்பது 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்துதான். அதே 2018 ஜூன் 4 அன்று சான் ஹோசே மாநாட்டு மேடையில், பல கட்டளைகளைக் கோத்து ஒரே மூச்சில் ஓட வைக்கும் ஷார்ட்கட்ஸ் ஆப்பை அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஆப்பிள் வாங்கியிருந்த வொர்க்ஃப்ளோ என்ற ஆப்தான் அதன் மூலம். ஆப்பிளின் கிம் பெவரெட் மேடையில் செய்து காட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு வாக்கியம் சொன்னால் வீட்டில் இருப்பவருக்குச் செய்தி போகும், வீட்டின் வெப்பநிலை மாறும், மின்விசிறி ஓடும், ரேடியோ பாடும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட மின்விசிறி இல்லை. நல்ல வசதிதான், நமக்கு வேலை இல்லை என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் 2019இல், ஸ்டிக்கரைக் காட்டினாலோ குறிப்பிட்ட நேரம் வந்தாலோ ஷார்ட்கட் தானாக ஓடும் ஆட்டோமேஷன் வந்தது. ஐஓஎஸ் 13 வெளியானபோது அது சேர்ந்து வரவில்லை. சில நாள் கழித்து, செப்டம்பர் 24 அன்று 13.1இல்தான் கைக்குக் கிடைத்தது. இந்த ஐந்து வார வேலை முழுவதும் அந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

இனி செய்முறை.

ஷார்ட்கட்ஸ் ஆப்பில் ஆட்டோமேஷன் பக்கம் போய், கூட்டல் குறியைத் தட்டி, என்எஃப்சி என்பதைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் என்று அழுத்தி ஸ்டிக்கரைக் காட்டினேன். "காலை டப்பா" என்று பெயர் வைத்தேன். கேட்டுவிட்டு ஓடு, உடனே ஓடு என்று இரண்டு தேர்வு வரும். உடனே ஓடும்படி வைத்தேன். ஓடும்போது அறிவிப்புக் காட்டும் பொத்தானையும் அணைத்தேன். அந்த அறிவிப்பைப் பார்த்தால் அம்மா அதைத் தட்டிப் பார்ப்பார், அப்புறம் வேறெங்கோ போய் நிற்பார்.

ஆட்டோமேஷனுக்குள் கட்டளைகளை நேரடியாக எழுதாதீர்கள். நான் முதலில் அப்படிச் செய்துவிட்டு, மூன்று ஸ்டிக்கருக்கும் மூன்று இடத்தில் ஒரே திருத்தத்தைச் செய்துகொண்டிருந்தேன். "மாத்திரைக் கணக்கு" என்று தனியாக ஒரு ஷார்ட்கட் செய்துகொண்டு, ஒவ்வொரு ஸ்டிக்கரும் அதைத்தான் கூப்பிட வேண்டும், கூப்பிடும்போது காலை, பகல், இரவு என்ற ஒரு சொல்லை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். திருத்தம் எதுவானாலும் ஒரே இடம்.

அந்த ஷார்ட்கட் செய்வது இதுதான். இன்றைய தேதியை எடுக்கிறது. அதோடு வேளையின் பெயரைச் சேர்த்து ஒரு வரி ஆக்குகிறது. போனில் இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து அந்த வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால், வரியையும் மணியையும் ஃபைலின் கடைசியில் எழுதிவிட்டு "சரிம்மா, எழுதிக்கிட்டேன்" என்று சொல்கிறது. இருந்தால் எதையும் எழுதாமல், எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைச் சொல்கிறது. அம்மாவின் கேள்விக்கு விடை அதுதான். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை காட்டினால் போதும், எத்தனை முறை காட்டினாலும் கணக்குக் கெடாது.

பேசுவதற்கு ஸ்பீக் டெக்ஸ்ட் கட்டளையில் தமிழைத் தேர்ந்தெடுத்து வாணி என்ற குரலை வைத்தேன். மணியை அப்படியே கொடுத்தபோது கேட்கச் சகிக்கவில்லை. தேதி வடிவத்தைக் கையால் எழுதி, எண்ணுக்குப் பின் "மணி", "நிமிஷம்" என்ற சொற்களை மேற்கோள் குறிக்குள் கொடுத்த பிறகு "ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம்" என்று ஒழுங்காக வந்தது.

சென்னை வீட்டு மேசையில் எல்லாம் நன்றாக ஓடியது. கோபிக்குக் கொண்டுபோனதும் முதல் நாளே நின்றது.

அம்மா மாத்திரை வைத்திருப்பது எவர்சில்வர் டப்பாவில். மூடிமேல் ஸ்டிக்கரை ஒட்டிப் போனைக் காட்டினால் எந்த அசைவும் இல்லை. போனில் கோளாறு என்று நினைத்து அரை மணி நேரம் வீணாக்கினேன். ஸ்டிக்கரை உரித்து மரப்பலகைமேல் வைத்தால் உடனே படித்தது. போன் வீசும் காந்தப் புலம் உலோகத்தில் படும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது, அது எதிர்ப்புலம் ஒன்றைக் கிளப்பி அசல் புலத்தை அமுக்கிவிடுகிறது. ஸ்டிக்கரின் சுருள் ஒத்திசைந்திருந்த அலைவரிசையும் தடம் மாறிவிடுகிறது. மூடிக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே அட்டை வைத்துப் பார்த்தேன், போதவில்லை. விரல் பருமனுக்குத் தெர்மாகோல் வைத்ததும் படித்தது, ஆனால் மூன்றுக்கு ஒருமுறைதான். ஃபெரைட் தகடு ஒட்டி, உலோகத்துக்கென்றே செய்த ஸ்டிக்கர்கள் தனியாகக் கிடைக்கின்றன. டப்பாவை மாற்றுவது அதைவிடச் சுலபம் என்று தோன்றியது. கடைவீதியில், வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனி அறை இருக்கும் பிளாஸ்டிக் மாத்திரை டப்பா மூன்று வாங்கினேன். மஞ்சள் காலைக்கு, பச்சை பகலுக்கு, நீலம் இரவுக்கு.

இரண்டாவது, எங்கே காட்டுவது. ஐபோனின் என்எஃப்சி ஆன்டெனா போனின் மேல் விளிம்பில் இருக்கிறது. அம்மா போனின் நடு முதுகை டப்பாமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "போனோட தலைய டப்பா மேல வைங்கம்மா" என்று சொன்ன பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. போன் உறையின் பின் பையில் கடவுள் படமும் ஒரு ஏடிஎம் அட்டையும் வைத்திருந்தார். அந்த அட்டையும் தட்டிக் காட்டும் வகை, அதற்குள்ளும் ஒரு சுருள் உண்டு, ஸ்டிக்கரைப் படிக்கவிடாமல் குறுக்கே நின்றது. படம் அங்கேயே இருக்கிறது, அட்டை பர்ஸுக்குப் போய்விட்டது.

திரை இருட்டாக இருந்தால் ஸ்டிக்கர் படிக்காது. கையில் எடுத்ததும் விளக்கு எரியும் அமைப்பு ஏற்கெனவே இருந்ததால் இது தானாகத் தீர்ந்தது. பூட்டியே இருந்தால் சில கட்டளைகள் போனைத் திறக்கச் சொல்லி நின்றுவிடும். எனவே, முதலில் போனை முகத்துக்கு நேராகப் பார்ப்பது, பூட்டுத் திறந்த குறி வந்ததும் டப்பாவில் வைப்பது என்று அம்மாவுக்குப் பழக்கினேன். கேமரா திறந்திருந்தாலும் ஏர்பிளேன் மோடில் இருந்தாலும் படிக்காது. போனை அணைத்துப் போட்ட பிறகு ஒருமுறையாவது கடவு எண் போட்டுத் திறந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் ஒரு காலை முழுக்க இருவரும் தவித்தோம்.

மூன்றாம் நாள் நடந்தது எனக்குப் பிடித்தமான கோளாறு. அம்மா விடிந்ததும் பூஜையறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுப் போடுவார். சமையலறையில் டப்பாவைக் காட்டினால் வாணியின் குரல் பூஜையறையிலிருந்து வந்தது. "சரிம்மா, எழுதிக்கிட்டேன்" என்று சாமி படத்துப் பக்கமிருந்து கேட்டதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். ஷார்ட்கட்டின் தொடக்கத்தில் இரண்டு கட்டளை சேர்த்தேன். ஒலியைப் போனிலிருந்தே வரச் செய்வது ஒன்று, சத்தத்தை எண்பது சதவீதத்துக்கு ஏற்றுவது மற்றொன்று.

குரலிலும் ஒரு குறை இருந்தது. வாணி தெளிவாகவே பேசுகிறது. ஆனால் அம்மாவுக்கு அது யாரோ. "ஆரது பேசறது? என்ன அம்மாங்கறா?" என்று கேட்டார். வாய்ஸ் மெமோஸில் என் மகன் குரலில் இரண்டு வாக்கியம் பதிந்தேன். "எழுதிட்டேன் அம்மாச்சி" ஒன்று. "போட்டாச்சு அம்மாச்சி, மறுபடி போட வேண்டாம்" ஒன்று. அந்த ஃபைல்களைப் போனில் வைத்து, ப்ளே சவுண்ட் கட்டளையால் ஒலிக்கச் செய்தேன். பேரன் சொல்லி முடித்ததும் மணியை மட்டும் வாணி சொல்லும். இந்த மாற்றத்துக்கு எனக்கு ஆனது பத்து நிமிடம். அதற்குப் பிறகு அம்மா ஒரு வேளைகூடக் காட்ட மறந்ததில்லை. மொத்த வேலையிலும் பலன் அதிகம் தந்த பத்து நிமிடம் அதுதான்.

தேதிக் கணக்கில் நான் செய்த தவறு ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே வந்தது. கோயில் திருவிழா முடிந்து அம்மா நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்து, பன்னிரண்டே காலுக்கு ராத்திரி மாத்திரை போட்டார். ஷார்ட்கட் அதை மறுநாள் கணக்கில் எழுதிவிட்டது. அடுத்த நாள் ராத்திரி டப்பாவைக் காட்டினால் "போட்டாச்சு அம்மாச்சி" என்கிறது. அம்மா அதை நம்பிப் போடாமல் படுத்துவிட்டார். இப்போது, தேதி எடுத்ததும் அதிலிருந்து மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் வரி எழுதுகிறது. விடியற்காலை மூன்று மணிக்குத்தான் எங்கள் வீட்டில் நாள் மாறும். பேசும் மணி மட்டும் உண்மையான மணி.

ஃபைல் முதலில் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இருந்தது. ஊரில் கரண்ட் போய் வைஃபை நின்று, மொபைல் சிக்னலும் தடுமாறிய ஒரு மாலையில் ஷார்ட்கட் பாதியில் நின்றது. போனுக்குள்ளேயே இருக்கும் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன். மாத்திரைக் கணக்குக்கு இன்டர்நெட் தேவைப்படக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது நான்காம் வாரம் நடந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று, விடிந்ததும் அம்மா மஞ்சள் டப்பாவில் போனை வைத்துப் பேரன் குரலைக் கேட்க வைத்தார். மாத்திரை இன்னும் போடவில்லை. அக்கா போன பிறகு சந்தேகம் வந்து மறுபடி காட்டினால், போட்டாச்சு என்கிறது. அன்றைக்குத் தைராய்டு மாத்திரை போகவில்லை. ஒரு வேளை போனதில் பெரிய கேடு இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் நான் செய்த சாட்சி பொய் சொல்லிவிட்டது. ஸ்டிக்கரைக் காட்டியது மட்டும்தான் அதற்குத் தெரியும், மாத்திரை வாய்க்குள் போனது தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து போனில் தட்டிய அதே பிழையைத்தான் இருபது அடி நகர்த்தி டப்பாமேல் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

இரண்டு மாற்றம் செய்தேன். மூடிமேல் இருந்த ஸ்டிக்கர்களை உரித்தேன், அப்படி உரித்ததில் இரண்டு கிழிந்தன, அவற்றைத் தூக்கிப்போட்டேன். புதிய ஸ்டிக்கரை, நடுவிலிருக்கும் புதன் அறையின் மூடிக்கு உட்புறம் ஒட்டலாமா என்று பார்த்தேன், இடம் போதவில்லை. கடைசியில் டப்பாவின் அடியில் ஒட்டினேன். அன்றைய அறையைத் திறந்து, டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்து மாத்திரையைக் கொட்டினால், டப்பாவின் அடிப்பக்கம் தானாக மேலே வரும். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கவிழ்ந்தபடி இருக்கும் டப்பாமேல் போனை வைக்க வேண்டும். காட்டிவிட்டுத்தான் நிமிர்த்தி மூட வேண்டும். கை செய்யும் வரிசையிலேயே அது வந்துவிட்டது. சும்மா எடுத்துக் காட்டுவது இப்போது சுலபமில்லை, மற்ற அறைகளின் மூடி திறந்து மாத்திரை சிந்துமோ என்று அம்மாவே கவிழ்க்கத் தயங்குகிறார்.

இன்னொன்று, பேரன் சொல்லும் வாக்கியத்தை மாற்றிப் பதிந்தேன். "எழுதி வச்சிருக்கு அம்மாச்சி, இன்னைக்கு அறை காலியான்னு ஒரு தடவை பாருங்க." போட்டாச்சு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அறை காலியாக இருந்தால் அது போனைவிட நம்பத்தக்க சாட்சி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்காவும் சேர்ந்து உட்கார்ந்து ஏழு அறையையும் நிரப்புகிறார்கள். நேர்மையாகச் சொன்னால், கடையில் வாங்கிய அந்த ஏழு அறை டப்பாதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. ஆனால் இன்று செவ்வாயா புதனா என்ற சந்தேகமும், அந்த அறையை நிரப்பினோமா என்ற சந்தேகமும் டப்பாவில் தீராது. அப்போது தேதியும் மணியும் போட்ட வரி ஒன்று கைகொடுக்கிறது. தவறிவிட்டால் என்ன செய்வது என்பதை, மாத்திரைக்கு ஒரு வரியாக டாக்டரிடமே எழுதி வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். அதைப் போனிடம் விடவில்லை.

ஹெல்த் ஆப்பின் மணியை நிறுத்திவிடவில்லை. எழுப்புவது அதன் வேலை, எழுதுவது ஸ்டிக்கரின் வேலை.

ஒவ்வொரு முறை எழுதும்போதும் எனக்கு ஒரு மெசேஜ் வருமாறும் முதலில் செய்திருந்தேன். செய்தி அனுப்பும் கட்டளையில், ஓடும்போது காட்டும் பொத்தானை அணைத்தால் எதையும் கேட்காமல் போய்விடும். அம்மாவிடம் சொல்லாமல் இதைச் செய்தது தவறு. ஒரு நாள் "காலைல லேட்டாப் போட்டீங்களே" என்று கேட்டுவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னய வேவு பாக்கறயா கண்ணு?" என்றார். அன்றே அந்தக் கட்டளையை எடுத்தேன். பத்து நாள் கழித்து அவராகவே கேட்டார், "அந்த மெசேஜு ராத்திரிக்கு மட்டும் உனக்கு வரட்டும். நான் படுக்கறேன்னு உனக்குத் தெரியோணும்ல." இப்போது ராத்திரி டப்பாவுக்கு மட்டும் வருகிறது. ஒன்பதரை மணிவாக்கில் என் போனில் அந்த ஒரு வரி வந்து விழுந்ததும், சரி, அம்மா படுக்கப் போகிறார் என்று நானும் விளக்கை அணைக்கிறேன்.

ஐந்து வாரம் முடிந்து இன்றோடு இரண்டு மாதம். மாத்திரைச் சந்தேகத்துக்காக அம்மா எனக்குப் போன் செய்தது அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை, அதுவும் போன் சார்ஜ் இறங்கிப்போன காலை. ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒரே வேளைக்கு ஒரு வரிதான் இருக்கும், மறுபடி காட்டியது அதில் தெரியாது. எத்தனை முறை சந்தேகம் வருகிறது என்பதையும் தனி ஃபைலில் எழுதச் சொல்லலாம், டாக்டருக்கு உதவும் என்று தோன்றியது. அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார், எழுதவில்லை.

வாங்கிய பத்தில் மீதி ஐந்து ஸ்டிக்கர் இருக்கிறது. போன வாரம் அம்மா ஒன்று கேட்டார், கேஸை மூடினோமா என்று பார்க்க. எவர்சில்வர் டப்பா கொடுத்த பாடம் நினைவிருப்பதால் சிலிண்டரில் ஒட்டப் போவதில்லை. மேடைக்கு அடியில் ரெகுலேட்டருக்குப் பக்கத்துச் சுவரில், குனிந்து கையை நீட்டினால்தான் எட்டும் இடத்தில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். அங்கே போனைக் கொண்டுபோனால் ரெகுலேட்டர் கண்ணில் படாமல் இருக்காது. குனிவது முழங்காலுக்குச் சரிப்படுமா என்று அம்மாதான் சொல்ல வேண்டும். பொங்கலுக்குப் போகும்போது பார்க்கிறோம்.